ஜிரா பேக்லாக்கில் சப்டாஸ்க் தெரியவில்லையா? எங்கெங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருளான ஜிராவில், ஒரு ஸ்டோரிக்கு (ஒரு முழு வேலை) கீழே மூன்று சப்டாஸ்க் (அதன் உட்பணிகள்) போட்டுச் சேமித்தாகிவிட்டது. இனிச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாக்கைத் திறந்தால் ஸ்டோரி மட்டும் இருக்கிறது, சப்டாஸ்க் ஒன்றையும் காணோம். ஜிரா அட்மினிடம் அடிக்கடி வந்து நிற்கும் புகார் இது. இதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு: கான்பன் பேக்லாக்கில் ஸ்டோரிகளுக்கு நடுவே சப்டாஸ்க்குகள் சிதறிக் கிடக்கின்றன, எது எதற்குச் சொந்தம் என்றே புரியவில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சப்டாஸ்க்கைக் காட்டு அல்லது மறை என்று ஜிராவில் ஒரே ஒரு பொத்தான் கிடையாது. புராஜெக்டின் வகை, போர்டின் (வேலைகளைக் கார்டுகளாக நெடுவரிசைகளில் காட்டும் பக்கம்) வகை, போர்டு ஃபில்டர் (எவை போர்டில் வரும் என்று சொல்லும் தேடல்), ஸ்டேட்டஸ் (வேலையின் நிலை) எந்த நெடுவரிசையில் இருக்கிறது, ஸ்விம்லேன் (போர்டின் குறுக்குப் பட்டைகள்) எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற ஐந்தும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போனால் காரணம் சீக்கிரம் பிடிபடும். கண்டதையெல்லாம் மாற்றிப் பார்த்தால், அதே ஃபில்டரை நம்பியிருக்கும் பக்கத்து டீமின் போர்டும் சேர்ந்து குழம்பும்.

பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை. ஜிராவை உருவாக்கும் அட்லாசியன் இப்போது கிளவுடில் 'இஷ்யூ' (ஜிராவில் பதியும் ஒவ்வொரு வேலையும்) என்பதை 'வொர்க் ஐட்டம்' என்றும் 'புராஜெக்ட்' என்பதை 'ஸ்பேஸ்' என்றும் மாற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் திரையில் புதுப் பெயர் இருந்தால் திகைக்க வேண்டாம், விஷயம் அதேதான். இங்கே பழைய பெயர்களையே வைத்திருக்கிறோம். ஜேக்யூஎல் (ஜிராவின் தேடல் மொழி) வரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ஜிராவில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில்: சப்டாஸ்க் உண்மையிலேயே இருக்கிறதா?

போர்டைத் தொடுவதற்கு முன் தேடலில் பாருங்கள். தாய் ஸ்டோரியின் எண் பே-214 என்று வைத்துக்கொள்வோம். இஷ்யூ தேடல் பக்கத்தில் ஜேக்யூஎல் முறைக்கு மாறி இதைப் போடுங்கள்:

பேரண்ட் = பே-214

மூன்றும் வந்தால் தகவல் பத்திரமாக இருக்கிறது, சிக்கல் போர்டின் காட்சியில்தான். இரண்டு மட்டும் வந்தால் மூன்றாவதை யாரோ வேறு ஸ்டோரிக்குக் கீழே போட்டிருக்கலாம், அல்லது சப்டாஸ்க் என்று நினைத்துச் சாதாரண டாஸ்க் ஒன்றை உருவாக்கி 'ரிலேட்ஸ் டு' என்று இணைத்திருக்கலாம். இணைப்பும் சப்டாஸ்க்கும் ஒன்றல்ல. இணைத்தது தனி இஷ்யூ. பேக்லாக்கில் தன் வரிசையில் தனியாகவே நிற்கும்.

எபிக் (பல ஸ்டோரிகளை அடக்கும் பெரிய வேலை) விஷயத்திலும் இதே குழப்பம் வரும். எபிக்குக்குக் கீழே இருக்கும் ஸ்டோரியும் 'சைல்டு' என்றுதான் காட்டப்படுகிறது. ஆனால் ஜிராவின் அடுக்கில் எபிக் ஒரு படி மேலே, ஸ்டோரி, டாஸ்க், பக் மூன்றும் நடுவே, சப்டாஸ்க் ஒரு படி கீழே. பேக்லாக் என்பது நடுப்படிக்காகக் கட்டப்பட்ட பக்கம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லப்போவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

எந்த வகைப் புராஜெக்ட், எந்த வகைப் போர்டு?

எல்லாப் புராஜெக்டுகளையும் காட்டும் பட்டியலைத் திறந்தால் 'டைப்' என்ற இடத்தில் 'கம்பெனி-மேனேஜ்டு' அல்லது 'டீம்-மேனேஜ்டு' என்று இருக்கும். முன்பு கிளாசிக், நெக்ஸ்ட்-ஜென் என்று அழைக்கப்பட்டவை இவைதான். சொந்த சர்வரில் ஓடும் டேட்டா சென்டர் பதிப்பில் இந்தப் பிரிவு கிடையாது. அங்கே எல்லாமே கம்பெனி-மேனேஜ்டு போலவே நடந்துகொள்ளும். அடுத்து, போர்டு ஸ்க்ரமா (ஸ்பிரிண்ட் எனும் குறித்த காலச் சுற்றுகளாக வேலை செய்வது) கான்பனா (சுற்றுகள் இல்லாமல் தொடர்ந்து வேலை செய்வது) என்று பாருங்கள். ஸ்பிரிண்ட் தொடங்கும் பொத்தான் பேக்லாக்கில் இருந்தால் ஸ்க்ரம்.

கம்பெனி-மேனேஜ்டு ஸ்க்ரம் பேக்லாக்கில் சப்டாஸ்க் தனி வரிசையாக வரவே வராது. இது பிழையில்லை, வடிவமைப்பே அப்படி. சப்டாஸ்க் தாய் ஸ்டோரியோடுதான் ஸ்பிரிண்டுக்குள் போகும், வெளியே வரும். அதன் ஸ்பிரிண்ட் மதிப்பு தாயிடமிருந்தே வருகிறது, தனியாக மாற்ற வழியில்லை. தனியாக இழுத்துப் போட முடியாத ஒன்றுக்குத் தனி வரிசை எதற்கு என்பது ஜிராவின் கணக்கு. பேக்லாக்கில் ஸ்டோரி வரிசையைச் சொடுக்கினால் வலப்பக்கம் விரியும் விவரப் பகுதியில் சப்டாஸ்க்குகள் வரிசையாக இருக்கும். அங்கேயே புதிதாகச் சேர்க்கலாம், முன்பின் நகர்த்தலாம்.

திட்டமிடும் கூட்டத்தில் எல்லாச் சப்டாஸ்க்கும் ஒரே திரையில் வேண்டும் என்றால் பேக்லாக்கோடு மல்லுக்கட்டாதீர்கள். கிளவுடில் 'லிஸ்ட்' காட்சி இருக்கிறது. ஸ்டோரிக்கு இடப்பக்கம் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் கீழே இருப்பவை விரியும். ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு என்றால் இந்தத் தேடலைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம்:

ஸ்பிரிண்ட் இன் ஓபன்ஸ்பிரிண்ட்ஸ்() ஆண்ட் இஷ்யூடைப் இன் சப்டாஸ்க்இஷ்யூடைப்ஸ்() ஆர்டர் பை பேரண்ட்

'எனக்கு ஒதுக்கிய சப்டாஸ்க்குகள்' என்று தனியாளாகப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதுதான் வழி. வரிசைப்படுத்தும் பகுதிக்கு முன்னால் 'ஆண்ட் அசைனீ = கரண்ட்யூசர்()' என்று சேர்த்தால் போதும்.

கான்பன் பேக்லாக்: இங்கே கதையே வேறு

கம்பெனி-மேனேஜ்டு கான்பன் போர்டில் பேக்லாக் என்பது உண்மையில் ஒரு நெடுவரிசை. போர்டு செட்டிங்ஸில் 'காலம்ஸ்' பக்கத்தில் 'கான்பன் பேக்லாக்' என்ற பெட்டி இருக்கும். அதற்குள் எந்த ஸ்டேட்டஸை இழுத்துப் போடுகிறோமோ அந்த ஸ்டேட்டஸில் இருப்பவை எல்லாம் பேக்லாக்கில் வரும், சப்டாஸ்க் உட்பட. ஸ்பிரிண்ட் இல்லாததால் தாயோடு சேர்ந்து பயணிக்கும் விதியும் இங்கே இல்லை. ஒவ்வொரு சப்டாஸ்க்கும் தன் ஸ்டேட்டஸை வைத்தே பேக்லாக்கிலா போர்டிலா என்று முடிவாகிறது.

இதிலிருந்து இரண்டு வகைத் தொல்லை வரும். ஒன்று, ஸ்டோரி 'செலக்டட் ஃபார் டெவலப்மெண்ட்' நிலைக்குப் போய்விட்டது, அதன் சப்டாஸ்க்குகள் இன்னும் பேக்லாக்கிலேயே தூங்குகின்றன. இரண்டு, சப்டாஸ்க்குக்குத் தனி வொர்க்ஃப்ளோ (ஸ்டேட்டஸ்கள் மாறும் வரிசை) வைத்திருக்கிறார்கள். ஸ்டோரி 'பேக்லாக்' என்ற ஸ்டேட்டஸில் பிறக்கிறது, சப்டாஸ்க் 'டு டூ'வில் பிறக்கிறது. பேக்லாக் பெட்டியில் 'பேக்லாக்' ஸ்டேட்டஸ் மட்டும் இருந்தால், ஸ்டோரி பேக்லாக்கில் நிற்கும்போதே சப்டாஸ்க் போர்டுக்கு வந்து உட்கார்ந்துவிடும். பேக்லாக்கில் சப்டாஸ்க்கைத் தேடுகிறவர் போர்டைப் பார்ப்பதில்லை, போர்டைப் பார்க்கிறவருக்குத் திட்டமிடாத வேலை எப்படி வந்தது என்று புரிவதில்லை.

இரண்டாவதற்கு மருந்து, சப்டாஸ்க் வொர்க்ஃப்ளோவின் தொடக்க ஸ்டேட்டஸை ஸ்டோரியின் தொடக்க ஸ்டேட்டஸோடு ஒன்றாக்குவது. ஸ்டேட்டஸ் ஒரே பெயரில் இருந்தால் போதாது, அதே ஸ்டேட்டஸாக இருக்க வேண்டும். டீம்-மேனேஜ்டு புராஜெக்ட் ஒவ்வொன்றும் 'டு டூ' என்ற பெயரில் தனக்கென்று ஒரு ஸ்டேட்டஸை வைத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். முதலாவதற்கு ஆட்டோமேஷனில் (ஜிரா தானாகவே வேலை செய்ய விதி எழுதும் இடம்) ஒரு விதி எழுதலாம்:

1. டிரிகர்: இஷ்யூ டிரான்சிஷன்டு. எங்கிருந்து என்பதில் பேக்லாக், எங்கே என்பதில் செலக்டட் ஃபார் டெவலப்மெண்ட்.
2. கிளை: 'ரிலேட்டட் இஷ்யூஸ்' என்பதில் சப்டாஸ்க்ஸ்.
3. கிளைக்குள் நிபந்தனை: ஸ்டேட்டஸ் பேக்லாக்காக இருந்தால் மட்டும்.
4. செயல்: டிரான்சிஷன் இஷ்யூ, செலக்டட் ஃபார் டெவலப்மெண்டுக்கு.

மூன்றாவது படியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் யாரோ ஏற்கெனவே முடித்துவைத்த சப்டாஸ்க்கையும் விதி பின்னுக்கு இழுக்கப் பார்க்கும். வொர்க்ஃப்ளோ அதை அனுமதித்தால் முடிந்த வேலை திரும்பத் திறந்துகொள்ளும், அனுமதிக்காவிட்டால் ஆடிட் லாகில் பிழை குவியும்.

சரி, கான்பன் பேக்லாக்கில் சப்டாஸ்க்கே வேண்டாம் என்பவர்களுக்கு: 'குயிக் ஃபில்டர்ஸ்' பக்கத்தில் 'சப்டாஸ்க் இல்லாமல்' என்று பெயர் வைத்து இதைப் போடுங்கள்.

இஷ்யூடைப் நாட் இன் சப்டாஸ்க்இஷ்யூடைப்ஸ்()

பேக்லாக்கைப் பார்க்கும்போது மட்டும் அழுத்திக்கொள்ளலாம். இதே வரியைப் போர்டின் முதன்மை ஃபில்டரில் சேர்த்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் போர்டிலிருந்தும் சப்டாஸ்க் அத்தனையும் போய்விடும்; பிறகு, வேலை செய்கிறவர்கள் தங்கள் கார்டைக் காணோம் என்று வந்து நிற்பார்கள்.

கான்பனில் இன்னொரு மறைவான காரணம், போர்டு செட்டிங்ஸில் இருக்கும் துணை ஃபில்டர். ஜிரா தானாகவே அதில் 'ஃபிக்ஸ் வெர்ஷன் (எந்த வெளியீட்டில் சேரும் என்று சொல்லும் புலம்) இன்னும் வெளியாகாததாகவோ காலியாகவோ இருக்க வேண்டும்' என்று எழுதி வைத்திருக்கும். சப்டாஸ்க்கின் ஃபிக்ஸ் வெர்ஷன் தாயுடையது இல்லை, தனி. யாரோ ஒரு சப்டாஸ்க்குக்கு மட்டும் 2.1 என்று போட்டு, பிறகு 2.1 ரிலீஸ் ஆகிவிட்டால், ஸ்டோரி இருக்கும்போதே அந்தச் சப்டாஸ்க் மட்டும் போர்டை விட்டு நழுவிவிடும். அதேபோல் முடிந்த சப்டாஸ்க்குகள் சில வாரங்களில் மறைவதற்கு, பழைய முடிந்த வேலைகளை மறைக்கும் தேர்வு காரணமாக இருக்கலாம். அதையும் போர்டு செட்டிங்ஸிலேயே மாற்றலாம்.

ஃபில்டர்: பெரும்பாலான புகார்கள் இங்கேதான் முடியும்

கம்பெனி-மேனேஜ்டு போர்டு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சேமித்த ஃபில்டர் இருக்கிறது. அதில் சிக்காத எதுவும் போர்டிலும் வராது, பேக்லாக்கிலும் வராது. சப்டாஸ்க் அதில் சிக்காமல் போவதற்கு முக்கியமான காரணம், தாயின் புலங்கள் பிள்ளைக்குத் தானாக வருவதில்லை என்பது. லேபிள் வராது, காம்பொனென்ட் (புராஜெக்டின் உட்பிரிவு) வராது, ஃபிக்ஸ் வெர்ஷன் வராது. டேட்டா சென்டரில் எபிக் லிங்க்கும் ஸ்டோரியில்தான் இருக்கும், சப்டாஸ்க்கில் இருக்காது. ஸ்பிரிண்டும் பாதுகாப்பு நிலையும் மட்டும் தாயைப் பின்பற்றும்.

அதனால் கீழ்க்கண்டவாறு ஃபில்டர் எழுதியிருந்தால்:

புராஜெக்ட் = பே ஆண்ட் லேபிள்ஸ் = மொபைல் ஆர்டர் பை ரேங்க்

ஸ்டோரிகள் வரும்; அவற்றுக்கு யாராவது கையால் 'மொபைல்' லேபிள் ஒட்டியிருப்பார்கள். சப்டாஸ்க்குக்கு ஒட்ட யாருக்கும் தோன்றாது. ஸ்பிரிண்ட் தொடங்கியதும் போர்டில் ஸ்டோரிகள் மட்டும் நிற்கும். 'இஷ்யூடைப் இன் (ஸ்டோரி, பக், டாஸ்க்)' என்று வகைகளை எண்ணி எழுதியிருந்தாலும் இதே கதிதான். எழுதியவர் எபிக்கை மட்டும் விலக்க நினைத்திருப்பார், அதற்கு 'இஷ்யூடைப்!= எபிக்' என்று எழுதினால் போதும்.

கண்டுபிடிக்கும் முறை இது. போர்டு செட்டிங்ஸில் ஃபில்டர் வரியை அப்படியே நகலெடுத்து, இஷ்யூ தேடலில் ஒட்டுங்கள். ஆர்டர் பை பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை முழுவதுமாக அடைப்புக்குறிக்குள் போட்டு, பின்னால் காணாமல்போன சப்டாஸ்க்கின் எண்ணைச் சேருங்கள்:

(புராஜெக்ட் = பே ஆண்ட் லேபிள்ஸ் = மொபைல்) ஆண்ட் கீ = பே-217

முடிவு காலியாக இருந்தால் ஃபில்டர்தான் குற்றவாளி. அடைப்புக்குள் இருக்கும் நிபந்தனைகளை ஒன்றொன்றாக நீக்கிக்கொண்டே தேடுங்கள். எதை நீக்கியதும் பே-217 எட்டிப் பார்க்கிறதோ அதுதான் காரணம். முடிவு காலியாக இல்லாமல் சப்டாஸ்க் வந்தால், ஃபில்டரை விட்டுவிட்டு ஸ்டேட்டஸ் பக்கம் போகலாம்.

'இல்லை' என்று சொல்லும் நிபந்தனைகளில் ஒரு பொறி இருக்கிறது. அனுபவசாலிகளும் இதில் விழுவதுண்டு. 'காம்பொனென்ட் != லெகசி' என்று எழுதினால், லெகசி தவிர மற்றவை எல்லாம் வரும் என்றுதானே நினைப்போம்? ஜேக்யூஎல் அப்படிப் பார்ப்பதில்லை. காம்பொனென்ட் காலியாக இருக்கும் இஷ்யூக்களையும் அது விலக்கிவிடும். சப்டாஸ்க்கில் காம்பொனென்ட் பெரும்பாலும் காலிதான், ஆகவே மொத்தமாகக் காணாமல் போகும். சரியான வடிவம்:

(காம்பொனென்ட் இஸ் எம்ப்டி ஆர் காம்பொனென்ட் != லெகசி)

லேபிளுக்கும், ஃபிக்ஸ் வெர்ஷனுக்கும், அசைனீக்கும் இதே விதி.

இன்னொரு பொறி, சரிசெய்யப் போய் வருவது. சப்டாஸ்க் வரவில்லை என்றதும் சிலர் வாலில் 'ஆர் இஷ்யூடைப் இன் சப்டாஸ்க்இஷ்யூடைப்ஸ்()' என்று சேர்த்துவிடுவார்கள். ஜேக்யூஎல்லில் ஆண்ட், ஆரைவிட இறுக்கமாகப் பிடிக்கும். அடைப்புக்குறி இல்லாமல் சேர்த்தால், முதல் பாதி ஒருபுறம், நீங்கள் பார்க்க அனுமதியுள்ள எல்லாப் புராஜெக்டுகளின் எல்லாச் சப்டாஸ்க்கும் மறுபுறம் என்று ஆகிவிடும். அடைப்புக்குறி போட்டுப் புராஜெக்டுக்குள் அடக்கினாலும், அதே புராஜெக்டில் வேலை செய்யும் வேறு டீமின் சப்டாஸ்க்குகள் உங்கள் போர்டுக்குள் நுழையும். இந்த வழி வேண்டாம்.

உருப்படியான வழிகள் இரண்டு. லேபிளை வைத்துப் போர்டைப் பிரிப்பதைக் கைவிட்டு, டீமுக்குத் தனிப் புராஜெக்ட் வைப்பது ஒன்று. பெரிய மாற்றம், ஆனால் நிரந்தரம். மற்றது, புலத்தைத் தாயிடமிருந்து நகலெடுக்கும் ஆட்டோமேஷன். டிரிகர் 'இஷ்யூ கிரியேட்டட்'. நிபந்தனை இஷ்யூ வகை சப்டாஸ்க். செயல் 'எடிட் இஷ்யூ', அதில் லேபிள் அல்லது காம்பொனென்டைத் தேர்ந்து, மதிப்பைப் பேரண்ட் இஷ்யூவிலிருந்து நகலெடுக்கும் தேர்வு. இது புதிதாகப் பிறக்கும் சப்டாஸ்க்குகளுக்குத்தான் உதவும். ஸ்டோரியின் லேபிள் பிறகு மாறினால் அதற்கென்று இன்னொரு விதி வேண்டும். ஏற்கெனவே இருப்பவற்றை 'புராஜெக்ட் = பே ஆண்ட் இஷ்யூடைப் இன் சப்டாஸ்க்இஷ்யூடைப்ஸ்() ஆண்ட் லேபிள்ஸ் இஸ் எம்ப்டி' என்று தேடி எடுத்து 'பல்க் சேஞ்ச்' மூலம் ஒரே மூச்சில் திருத்திவிடுங்கள். பல்க் சேஞ்சில் லேபிள் திருத்தும்போது 'சேர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'மாற்று' என்று கொடுத்தால் பழைய லேபிள்கள் அழிந்துவிடும். கூடவே அறிவிப்பு மின்னஞ்சல் அனுப்பும் டிக் குறியையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டீம் முழுவதற்கும் நூற்றுக்கணக்கில் மெயில் கொட்டும்.

ஃபில்டரைத் திருத்தும்போது கடைசியில் 'ஆர்டர் பை ரேங்க்' (முன்னுரிமைப்படி வரிசை) இருப்பதை உறுதி செய்யுங்கள். அது போய்விட்டால் பேக்லாக்கில் இழுத்து வரிசை மாற்றுவது நின்றுவிடும், அது அடுத்த புகாராக வரும். அந்த ஃபில்டரை வேறு போர்டுகளும் பயன்படுத்துகின்றனவா என்று உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் கை வைப்பது நல்லது.

ஸ்டேட்டஸ் எந்த நெடுவரிசையிலும் இல்லையென்றால்

ஃபில்டரில் சிக்கியும் தெரியவில்லை என்றால் அடுத்த சந்தேகம் இது. போர்டு செட்டிங்ஸ், 'காலம்ஸ்' பக்கம், அங்கே 'அன்மேப்டு ஸ்டேட்டசஸ்' என்ற பகுதி. அதில் இருக்கும் ஸ்டேட்டஸில் எந்த இஷ்யூ இருந்தாலும் போர்டும் காட்டாது, பேக்லாக்கும் காட்டாது. சப்டாஸ்க்குக்குத் தனி வொர்க்ஃப்ளோ இருக்கும் இடங்களில் 'ரிவ்யூ', 'டெஸ்டிங்' போன்ற ஸ்டேட்டஸ்கள் புதிதாகச் சேரும்போது போர்டு தானாக அவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. பொருத்தமான நெடுவரிசைக்கு இழுத்துப் போட்டால் உடனே தெரியும்.

எந்த நெடுவரிசை என்பதில் கவனம் வேண்டும். கடைசியாக, வலது ஓரத்தில் இருப்பதைத்தான் ஜிரா 'முடிந்தது' என்று எடுத்துக்கொள்ளும். 'டெஸ்டிங்'கை அவசரத்தில் அங்கே போட்டுவிட்டால், சோதனையில் இருப்பவை எல்லாம் முடிந்ததாகவே கணக்காகும், பர்ன்டவுன் (மீதி வேலை குறைவதைக் காட்டும் வரைபடம்) கோடும் பொய் சொல்லும்.

மாறாக, ஸ்டோரி முடிந்த நெடுவரிசைக்குப் போய்விட்டது, ஒரு சப்டாஸ்க் மட்டும் முடியவில்லை என்றால், ஸ்க்ரமில் ஸ்பிரிண்டை மூட ஜிரா மறுக்கும். முடிக்காத சப்டாஸ்க் இருக்கிறது என்று செய்தி வரும், ஆனால் அந்தச் சப்டாஸ்க் அன்மேப்டு ஸ்டேட்டஸில் இருந்தால் போர்டில் எங்கும் கண்ணில் படாது. ஸ்டோரியைத் திறந்து, சப்டாஸ்க் பட்டியலிலிருந்தே அதை மூடுவதுதான் வழி.

ஸ்விம்லேன் மாறினால் காட்சியே மாறும்

ஓடும் ஸ்பிரிண்ட் போர்டில் ஸ்விம்லேன் 'ஸ்டோரீஸ்' என்று இருந்தால், சப்டாஸ்க் உள்ள ஸ்டோரி ஒரு தலைப்புக் கோடாக மாறி, சப்டாஸ்க்குகள் அதன் கீழே கார்டுகளாக நிற்கும். ஸ்டோரிக்கென்று தனிக் கார்டு இருக்காது. சப்டாஸ்க் இல்லாத ஸ்டோரிகள் அடியில் தனிக் குழுவாக நிற்கும். இதைப் பார்த்துத்தான் 'என் ஸ்டோரி எங்கே போச்சு?' என்ற கேள்வி வருகிறது. 'அசைனீஸ்' என்று மாற்றினால் சப்டாஸ்க் அதைச் செய்கிறவரின் பட்டையில் தனியாக விழும், தாய் வேறு பட்டையில் இருக்கலாம். தினசரி நின்றபடி நடத்தும் கூட்டத்துக்கு 'ஸ்டோரீஸ்' வசதி என்பது எங்கள் கருத்து. கடைசிச் சப்டாஸ்க்கை முடித்ததும், ஸ்டோரியையும் நகர்த்தலாமா என்று ஜிரா கேட்கும்.

டீம்-மேனேஜ்டில் இது இன்னும் எளிது. போர்டின் மேல் மூலையில் 'குரூப் பை' இருக்கிறது. அதில் 'சப்டாஸ்க்' என்று தேர்ந்தால்தான் அவை கார்டுகளாக விரியும், இல்லையென்றால் ஸ்டோரிக் கார்டில் எத்தனைக்கு எத்தனை முடிந்தது என்ற சின்ன அடையாளம் மட்டும் இருக்கும். அந்தத் தேர்வே பட்டியலில் இல்லையென்றால், புராஜெக்ட் செட்டிங்ஸில் இஷ்யூ வகைகள் பக்கத்தில் சப்டாஸ்க் வகை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி-மேனேஜ்டில் அதே கேள்விக்கு விடை, புராஜெக்டின் இஷ்யூ டைப் ஸ்கீமில்.

பாயிண்டுகள் ஏன் கூடவில்லை?

சப்டாஸ்க் தெரியத் தொடங்கியதும் எழும் அடுத்த கேள்வி இது. பேக்லாக்கில் ஸ்பிரிண்ட் தலைப்பில் வரும் கூட்டுத்தொகை ஸ்டோரிகளின் பாயிண்டுகளை (வேலையின் அளவு பற்றிய மதிப்பீடு) மட்டும் கூட்டுகிறது. சப்டாஸ்க் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாயிண்ட் போட்டு, ஸ்டோரியைக் காலியாக விட்டால் ஸ்பிரிண்டில் பூஜ்யம்தான், ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் வெலாசிட்டி சார்ட்டிலும் அது வராது. பாயிண்ட் ஸ்டோரிக்கு, மணிநேரம் சப்டாஸ்க்குக்கு என்று பிரித்துக்கொண்டால் சண்டையே இல்லை. மணிநேரத்தை மீதமுள்ள நேரம் காட்டும் பர்ன்டவுன் எடுத்துக்கொள்ளும். ஸ்டோரியின் டைம் டிராக்கிங் பகுதியிலும் கீழே இருப்பவற்றைச் சேர்த்துக்கொள்ளும் டிக் பெட்டி இருக்கிறது.

அது சப்டாஸ்க்காக இருக்கத்தான் வேண்டுமா?

மேலே உள்ள எதுவும் குற்றமில்லை, இருந்தாலும் பேக்லாக்கில் தனி வரிசை வேண்டும், தனி முன்னுரிமை வேண்டும், தாய் இந்த ஸ்பிரிண்டிலும் பிள்ளை அடுத்த ஸ்பிரிண்டிலும் இருக்க வேண்டும் என்று டீம் கேட்டால், அது சப்டாஸ்க் இல்லை. ஸ்டோரி, அல்லது டாஸ்க். ஸ்டோரி முடியாமல் அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகும்போது முடிந்த சப்டாஸ்க்குகளும் கூடவே இடம் மாறுவதைப் பார்த்து எரிச்சலடையும் டீம்களுக்கும் இதே பதில்தான்: ஸ்டோரி பெரிதாக இருக்கிறது, பிரியுங்கள்.

மாற்றுவதற்குச் சப்டாஸ்க்கைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் இஷ்யூவாக மாற்றும் தேர்வை எடுங்கள். புது வகையைக் கேட்கும். வொர்க்ஃப்ளோ வேறாக இருந்தால் ஸ்டேட்டஸையும் கேட்கும். மாறியதும் தாயோடு இருந்த உறவு அறுந்துவிடும். எனவே மாற்றுவதற்கு முன் தாயின் எண்ணைக் குறித்துவைத்து, பிறகு 'ரிலேட்ஸ் டு' இணைப்பைப் போடுங்கள். எபிக்கையும் ஸ்பிரிண்டையும் தானாக வந்திருக்கும் என்று நம்பாமல் திறந்து பாருங்கள். மாறிய இஷ்யூ எதிர்பார்த்த ஸ்பிரிண்டில் இல்லையென்றால் பேக்லாக்கின் அடியில் கிடக்கும்.

டேட்டா சென்டரில் மட்டும் கடைசியாக ஒரு சந்தேகம்: எண்ணைக் கொண்டு நேராகத் திறந்தால் சப்டாஸ்க் திறக்கிறது, தேடலில் 'கீ = பே-217' என்று போட்டால் வரவில்லை. ஃபில்டரும் ஸ்டேட்டஸும் இதற்குப் பொறுப்பில்லை, தேடல் இண்டெக்ஸ் (தேடலுக்காக ஜிரா வைத்திருக்கும் அட்டவணை) பழுதாகியிருக்கிறது. முதலில் அந்தச் சப்டாஸ்க்கில் ஏதாவது ஒரு புலத்தைத் திருத்திச் சேமியுங்கள். அந்த ஒன்று மட்டும் மீண்டும் இண்டெக்ஸ் ஆகும். பல இஷ்யூக்களுக்கு இப்படி இருந்தால் புராஜெக்ட் செட்டிங்ஸிலிருந்து புராஜெக்டை மட்டும் ரீ-இண்டெக்ஸ் செய்யச் சொல்லுங்கள். முழு சர்வரையும் பூட்டிவிட்டுச் செய்யும் ரீ-இண்டெக்ஸைப் பகல் வேலை நேரத்தில் அட்மினிடம் கேட்காதீர்கள். அது முடியும்வரை யாரும் ஜிராவைத் தொட முடியாது.